டெவ், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன்: சர்வர்லெஸ் செயலியின் சூழல் மாறிகளை எங்கே வைப்பது?

கம்பம் பள்ளத்தாக்கிலும், மலையேறினால் வரும் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் வட்டாரங்களிலும் ஏலக்காய் விவசாயிகள் அன்றாடம் கேட்பது, இன்றைய ஏலத்தில் சராசரி விலை என்ன, அதிகபட்ச விலை என்ன என்பதுதான். ஸ்பைசஸ் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஏலம் முடிந்தவுடன் அந்த விலையைத் தமிழிலோ மலையாளத்திலோ குறுஞ்செய்தியாக அனுப்பும் ஒரு சிறிய சேவையை எடுத்துக்கொள்வோம். நாளின் பெரும்பகுதி வேலையின்றி இருந்து, சில நிமிடங்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான செய்திகளை அனுப்ப வேண்டிய இத்தகைய நிரலுக்கு, சர்வரை நாமே வைத்திராமல் தேவைப்படும்போது மட்டும் கிளவுட் நிறுவனம் நிரலை ஓட்டித் தரும் சர்வர்லெஸ் முறை மிகப் பொருத்தமானது. எல்லையோரச் சிற்றூர்களில் இருந்தபடி இப்படிப்பட்ட சேவைகளைக் கட்டும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நிரல் ஒன்றுதான், அது ஓடும் கட்டங்கள் மூன்று: எழுதிப் பார்ப்பது, வெளியிடும் முன் சோதிப்பது, பயனர்களுக்கு உண்மையாக ஓடுவது. டெவ், ஸ்டேஜிங், புரொடக்‌ஷன் ஆகிய மூன்றிலும் டேட்டாபேஸ் முகவரி வேறு, குறுஞ்செய்தி நிறுவனம் தந்த ஏபிஐ சாவி (அதன் சேவையை நம் நிரல் அழைக்கத் தேவையான, கடவுச்சொல் போன்றது) வேறு, பதிவேட்டில் (லாக்) எழுதும் விவரத்தின் அளவு வேறு. இவற்றைப் பொதுவாகச் சூழல் மாறிகளாக, அதாவது நாம் பேச்சில் என்விரான்மென்ட் வேரியபிள் என்று சொல்வனவாக, நிரலுக்கு வெளியே வைக்கிறோம். எங்கே வைப்பது, யார் படிக்கலாம், மாற்றினால் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன. ஸ்டேஜிங்கில் சோதனைக்காக எழுதிய ஒரு கற்பனை விலை, தவறான சாவியோடு புரொடக்‌ஷன் பட்டியலுக்குப் போய்விட்டால், அதை நம்பி ஒருவர் சரக்கை விற்கவோ நிறுத்திவைக்கவோ முடிவெடுத்துவிடுவார். ஆகவே இதை வெறும் ஒழுங்கு வேலையாகக் கருதக் கூடாது.

முதலில் மதிப்புகளைப் பிரிக்க வேண்டும்

எந்தக் கருவி நல்லது என்று கேட்பதற்கு முன், கையிலுள்ள மதிப்புகள் எத்தகையவை என்று பார்க்க வேண்டும். டேபிளின் பெயர், க்யூவின் (அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசையின்) முகவரி, பதிவு விவரத்தின் அளவு போன்றவை கட்டத்துக்குக் கட்டம் மாறும், ஆனால் இரகசியமல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி வணிகக் குறுஞ்செய்திகளுக்கு அனுப்புநர் பெயரையும் வார்ப்புருவையும் (செய்தியின் நிலையான வாசக அமைப்பையும்) முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதால், தமிழ் வார்ப்புருவுக்கு ஓர் எண்ணும் மலையாள வார்ப்புருவுக்கு வேறோர் எண்ணும் நம்மிடம் இருக்கும். அவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஏபிஐ சாவியும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் இரகசியங்கள். மூன்றாவதாக, சூழல் மாறியாகவே இருக்கக் கூடாதவை சில உண்டு. பெரும்பாலான குழப்பங்கள் இவற்றிலிருந்துதான் தொடங்குகின்றன.

மொழியை எடுத்துக்கொள்வோம். கேரள விவசாயிகளுக்கு மலையாளம், தமிழக விவசாயிகளுக்குத் தமிழ் என்று மாநிலவாரியாக ஒரு மாறி வைத்துவிடலாம் என்ற யோசனை எல்லையோரத்தை அறியாதவர்களுக்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் பீர்மேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் பகுதிகளில் தமிழ் மட்டுமே படிப்பவர்கள் ஏராளம். அதேபோல இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களில் மலையாளத்தில் செய்தி கேட்பவர்களும் இருக்கக்கூடும். மொழி என்பது பயனருடைய விருப்பம். அது டேட்டாபேஸில் அவருடைய வரிசையில் இருக்க வேண்டிய தகவல். டெப்ளாய்மென்ட் (நிரலை ஏற்றி ஓடவிடும்) கட்டத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஏலக்காயை அளவு பார்த்துப் பிரிக்கும் மில்லிமீட்டர் தரவரிசைகளும் அப்படித்தான்.

செய்தியின் வாசகத்தையே சூழல் மாறியில் வைப்பவர்களும் உண்டு. அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வர்லெஸ் நிரல்களை ஓட்டும் சேவை லாம்டா; அங்கே ஓடும் நிரலை ஃபங்ஷன் என்பார்கள். அதில் ஒரு ஃபங்ஷனின் சூழல் மாறிகள் அனைத்தும் சேர்ந்து 4 கேபி அளவைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'கி' என்ற ஓர் எழுத்தே ககரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், அதாவது 6 பைட். மலையாளத்துக்கும் கணக்கு இதேதான். ஆங்கிலத்தில் 4,096 எழுத்துகள் கொள்ளும் இடத்தில் நம் மொழிகளில் சுமார் 1,365 குறியீடுகள்தான் அடங்கும் என்பதால், நான்கைந்து வார்ப்புருக்களை இரு மொழிகளிலும் போட்டாலே வரம்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வாசகத்தை நிரலோடு ஒரு ஃபைலாகவோ டேட்டாபேஸிலோ வைத்துவிட்டு, வார்ப்புரு எண்ணை மட்டும் மாறியில் வைப்பதே முறை.

ஃபைல்களும் ஃப்ரேம்வொர்க் அமைப்பும்

மாறிகளைப் பெயரும் மதிப்புமாக எழுதி வைக்கும் டாட் என்வ் (.env) ஃபைல் சொந்த லேப்டாப்பில் நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு ஏற்ற வழி. அதற்குமேல் அதை நீட்டக் கூடாது. கட்டத்துக்கு ஒரு ஃபைலாக வைத்து, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பழக்கம் சிறிய குழுக்களில் எளிதில் வந்துவிடுகிறது. யாரிடம் இருக்கும் ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தவறி அந்த ஃபைல் கிட்டில் (நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவியில்) ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் (பதியும் மாற்றத்தில்) நீக்கியும் பயனில்லை. வரலாற்றில் அது அப்படியே இருக்கும். ஆகவே சாவியையே மாற்ற வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் கொண்ட மாதிரி ஃபைல் ஒன்றைக் கிட்டில் வைத்தால் புதிதாகச் சேர்பவருக்கு அதுவே போதும்.

இரகசியமல்லாத மதிப்புகளுக்கு, நிரலைக் கிளவுட்டில் ஏற்ற உதவும் ஃப்ரேம்வொர்க்கின் அமைப்பு ஃபைலில் கட்டவாரியாக எழுதிக் கிட்டில் வைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. சர்வர்லெஸ் ஃப்ரேம்வொர்க்கில் ஸ்டேஜ்வாரியாக மதிப்புகளை வரையறுக்கலாம். ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த ஃப்ரேம்வொர்க்கான சாமில் சாம்கான்ஃபிக் ஃபைலுக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பகுதி வைக்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது கமிட்டில் தெரியும். புரொடக்‌ஷன் மதிப்பு மாறும்போது இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரலாம். சர்வர்லெஸ் ஃப்ரேம்வொர்க்கின் நான்காம் பதிப்பிலிருந்து ஆண்டு வருவாய் 20 லட்சம் டாலரைத் தாண்டும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் தேர்வின்போது நினைவில் கொள்ள வேண்டும். சிறிய குழுக்களுக்கு அது தடையாகாது.

இவ்வழியில் ஒரே ஓர் ஆபத்தைக் கட்டாயம் மூட வேண்டும். ஸ்டேஜ் பெயர் தராமல் டெப்ளாய் செய்தால் சர்வர்லெஸ் ஃப்ரேம்வொர்க் தானாக டெவ் என்று எடுத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் மதிப்புகளுக்கும் அதே வசதியைச் சேர்த்து, புரொடக்‌ஷனுக்கு மதிப்பு எழுதப்படவில்லையெனில் டெவ் மதிப்பை எடுத்துக்கொள் என்று மாற்று மதிப்பு எழுதும்போது, ஒரு வரி விடுபட்டதை யாரும் கவனிக்காமல் புரொடக்‌ஷன் நிரல் டெவ் டேபிளைப் படிக்கத் தொடங்கிவிடும். மதிப்பு இல்லையென்றால் டெப்ளாய் பாதியில் நிற்க வேண்டும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற, நிரலைத் தானாகச் சோதித்து டெப்ளாய் செய்யும் சிஐ கருவியில் இரகசியங்களைச் சேமித்து, டெப்ளாய் ஆகும்போது ஃபங்ஷனுக்குள் செலுத்துவது அடுத்த வழி. அங்கு ஒருமுறை போட்ட இரகசியத்தைத் திரும்பப் படிக்க முடியாது. பதிவுகளிலும் அது மறைக்கப்படும். லேப்டாப்பில் சாவி வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் அந்த மதிப்பு கடைசியில் லாம்டாவின் சூழல் மாறியாகவே போய் உட்காருகிறது. லாம்டா அதைக் கேஎம்எஸ் என்னும் குறியாக்கச் சாவிச் சேவை வழியாகக் குறியாக்கம் செய்து சேமித்தாலும், ஃபங்ஷனின் அமைப்பைப் பார்க்க அனுமதியுள்ள எவருக்கும், கன்சோலைத் திறந்தாலே, அது வெளிப்படையாகத் தெரியும். சிஐ-யை டெப்ளாய்க்கு மட்டும் பயன்படுத்தி, ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நுழைய நிரந்தரச் சாவிக்குப் பதிலாக ஓஐடிசி என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறை வழியான தற்காலிக அனுமதியை வாங்குவதே நான் பரிந்துரைக்கும் அளவு.

பாராமீட்டர் ஸ்டோர்: படிக்கும் நேரமே வேறுபாடு

சிறிய குழுவுக்கு இரகசியங்களை வைக்க ஏற்ற இடம், மதிப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் ஏடபிள்யூஎஸ் சேவையான பாராமீட்டர் ஸ்டோர் என்பது என் முடிவு. சாதாரண வகைப் பாராமீட்டர்களுக்குச் சேமிப்புக் கட்டணம் கிடையாது. ஒவ்வொன்றும் 4 கேபி வரை கொள்ளும். ஓர் அக்கவுன்ட்டில் ஒரு ரீஜியனுக்கு (ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு வட்டாரத்துக்கு) 10,000 வரை வைக்கலாம். செக்யூர்ஸ்ட்ரிங் வகையில் வைத்தால் கேஎம்எஸ் சாவியால் குறியாக்கம் ஆகும். பெயர்களைப் பாதை போல அமைக்கலாம்: /elam/prod/sms-key, /elam/dev/sms-key என்பது போல.

ஆனால் பாராமீட்டர் ஸ்டோரைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் இரண்டு குழுக்கள் முற்றிலும் வேறான இரண்டு காரியங்களைச் செய்துகொண்டிருக்கலாம். ஒன்று, டெப்ளாய் நேரத்தில் படிப்பது. அமைப்பு ஃபைலில் பாராமீட்டரின் பெயரைக் குறித்துவிட்டால், சர்வர்லெஸ் ஃப்ரேம்வொர்க் டெப்ளாயின்போது அதைப் படித்து, குறியாக்கம் நீக்கி, கிளவுட்ஃபார்மேஷன் (ஏடபிள்யூஎஸ்ஸில் தேவையானவற்றை உருவாக்கும் சேவை) டெம்ப்ளேட்டில் வெறும் எழுத்தாக எழுதிவிடும். அந்த டெம்ப்ளேட் எஸ்3 பக்கெட்டில் (ஃபைல் சேமிப்பிடத்தில்) சேமிக்கப்படுகிறது. ஃபங்ஷனின் சூழல் மாறியிலும் அதே மதிப்பு நிற்கிறது. பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு இடங்களில் திறந்து வைத்தாயிற்று. கிளவுட்ஃபார்மேஷனே செக்யூர்ஸ்ட்ரிங் குறிப்பை லாம்டாவின் சூழல் மாறிகளில் ஏற்பதில்லை. அந்தத் தடை காரணத்தோடுதான் இருக்கிறது. மேலும் குறுஞ்செய்தி நிறுவனம் சாவியை மாற்றினால், பாராமீட்டரைத் திருத்தினால் மட்டும் போதாது; மறுபடியும் டெப்ளாய் செய்யும் வரை ஃபங்ஷன் பழைய சாவியோடுதான் ஓடும்.

இன்னொன்று, ஓடும் நேரத்தில் படிப்பது. இங்கே சூழல் மாறியில் இருப்பது பாதையின் பெயர் மட்டுமே. ஃபங்ஷன் முதன்முறை விழிக்கும்போது அந்தப் பாதையைப் படித்து, ஹேண்ட்லருக்கு (ஒவ்வோர் அழைப்பிலும் ஓடும் பகுதிக்கு) வெளியே நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் புதுப்பிக்கும். இவ்வழியின் உண்மையான வலிமை ஐஏஎம் அனுமதியில் (ஏடபிள்யூஎஸ்ஸில் யார் எதைச் செய்யலாம் என்ற கட்டுப்பாட்டில்) இருக்கிறது. டெவ் ஃபங்ஷனின் ரோலுக்கு (அதற்குரிய அனுமதித் தொகுப்புக்கு) டெவ் பாதையை மட்டும் படிக்க அனுமதி தந்துவிட்டால், யாரோ தவறுதலாகப் பாதையில் புரொட் என்று எழுதிவிட்டாலும் ஃபங்ஷன் அனுமதி மறுப்போடு நின்றுவிடும். புரொடக்‌ஷன் சாவி டெவ்வின் கையில் அகப்படாது. பெயரிடும் ஒழுங்கு மனிதர் கவனத்தை நம்பியிருக்கிறது, அனுமதி அப்படியல்ல.

இதற்கு விலையும் உண்டு. பாராமீட்டர் ஸ்டோரில் படிக்கும் அழைப்புகளுக்கு இயல்பான வரம்பு நொடிக்கு 40. ஏலம் முடிந்ததும் 200 லாம்டா பிரதிகள் ஒரே நொடியில் விழித்து, ஒவ்வொன்றும் ஐந்து பாராமீட்டர்களைத் தனித்தனியே படித்தால் 1,000 அழைப்புகள் போகும், பெரும்பகுதி மறுக்கப்படும். ஏடபிள்யூஎஸ்ஸை அழைக்கப் பயன்படும் நிரல் நூலகமான எஸ்டிகே சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலும். ஆனால் லாம்டா தொடக்கத்துக்குத் தரும் நேரம் 10 நொடிதான். ஒரே அழைப்பில் பத்துப் பெயர்கள் வரை கேட்க முடியும் என்பதால் 1,000 என்பது 200 ஆகும். ஒரு கட்டத்துக்கான இரகசியங்களை ஒரே ஜேசனாக (பெயரும் மதிப்புமான ஒரு தொகுப்பாக) ஒரு பாராமீட்டரில் வைத்தாலும் அதே பலன் கிடைக்கும். மீதியைக் குறைக்க, கூடுதல் கட்டணத்துக்கு வரம்பை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் நமது சேவைக்கு அதைவிடச் சரியான வழி, எஸ்க்யூஎஸ் என்னும் ஏடபிள்யூஎஸ் வரிசைச் சேவையின் க்யூவிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை பிரதிகள் எடுக்கலாம் என்று உச்சவரம்பு வைப்பது. குறுஞ்செய்தி நிறுவனமும் நொடிக்கு இத்தனை செய்தி என்று ஏதேனும் வரம்பு வைத்திருக்கும் ஆதலால், 200 பிரதிகள் ஒன்றாக விழிப்பதால் செய்தி விரைந்து போய்ச் சேரப்போவதில்லை.

இந்தப் படிப்பையும் சேமிப்பையும் நாமே எழுத விரும்பாவிட்டால், ஏடபிள்யூஎஸ் 2022 அக்டோபரில் வெளியிட்ட லாம்டா எக்ஸ்டென்ஷன் என்னும் துணை நிரலைச் சேர்க்கலாம். அது ஃபங்ஷனுக்குள்ளேயே 2773 என்ற போர்ட்டில் நின்று, கேட்ட மதிப்பை எடுத்துத் தந்து, இயல்பாக 300 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சாவி மாறினால் பழையதே புழக்கத்தில் இருக்கும் என்பதால், சாவியை மாற்றும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த எச்சரிக்கை நாமே எழுதும் கேஷுக்கும் (தற்காலிக நினைவுக்கும்) பொருந்தும்.

சீக்ரெட்ஸ் மேனேஜர் எப்போது தேவை?

இரகசியங்களுக்கென்றே உள்ள ஏடபிள்யூஎஸ் சேவையான சீக்ரெட்ஸ் மேனேஜர் ஓர் இரகசியத்துக்கு மாதம் 0.40 டாலரும், 10,000 அழைப்புக்கு 0.05 டாலரும் வாங்குகிறது. ஆறு இரகசியங்கள் மூன்று கட்டங்களில் இருந்தால் பதினெட்டு, மாதம் 7.20 டாலர். ஓர் இரகசியத்துக்குள் 64 கேபி வரை வைக்கலாம் என்பதால், கட்டத்துக்கு ஒரே ஜேசனாகச் சேர்த்தால் 1.20 டாலராகக் குறையும். ஆகவே பணம் இங்கே பெரிய தடையன்று. அந்தப் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

தானாகச் சாவி மாற்றுவதுதான் அதன் முதன்மையான வசதி. ஏடபிள்யூஎஸ்ஸின் ஆர்டிஎஸ் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அது குறித்த கால இடைவெளியில் தானே மாற்றி, டேட்டாபேஸிலும் பதிந்துவிடும். ஆர்டிஎஸ் வைத்திருக்கும் குழுவுக்கு அந்த ஒரு பாஸ்வேர்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெளி நிறுவனத்தின் ஏபிஐ சாவியை மாற்ற நாமே ஒரு லாம்டா எழுத வேண்டும். புதிய சாவி பெற அந்த நிறுவனம் ஏபிஐ எதுவும் தராமல், இணையதளத்தில் நுழைந்து பொத்தானை அழுத்தச் சொன்னால், தானியங்கி மாற்றத்துக்கே வழியில்லை. நமது எடுத்துக்காட்டுச் சேவை ஏடபிள்யூஎஸ்ஸின் இன்னொரு டேட்டாபேஸான டைனமோடிபியைப் பயன்படுத்துமானால் பாஸ்வேர்டே தேவையில்லை. ஐஏஎம் ரோல் போதும். அப்போது எஞ்சுவது குறுஞ்செய்திச் சாவி ஒன்று மட்டுமே. அதற்குப் பாராமீட்டர் ஸ்டோர் தாராளம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டிய, தவறாக மாற்றினால் தானே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய மதிப்புகளுக்கு ஏடபிள்யூஎஸ் ஆப்கான்ஃபிக் இருக்கிறது. மதிப்பைச் சரிபார்த்து, படிப்படியாகப் பரப்பி, கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சின் அலாரம் அடித்தால் திரும்பப் பெறும். பல குழுக்கள் ஒரே சேவையில் வேலை செய்யும் இடத்துக்கு அது நல்ல கருவி. மூன்று பேருக்குப் பராமரிப்புச் சுமையே மிஞ்சும்.

மற்ற கிளவுட்களிலும் கேள்வி இதுவே. கூகுளில் இரகசியத்தைச் சூழல் மாறியாக இணைத்தால் பிரதி தொடங்கும்போது எடுத்த மதிப்பே நிற்கும். வால்யூமாக (ஃபைலாக) இணைத்தால் படிக்கும் போதெல்லாம் அண்மைய மதிப்பைப் பெற முடியும். மைக்ரோசாஃப்டின் அஷூர் ஃபங்ஷன்ஸில் ஸ்லாட்களை (ஒரே செயலியின் தனித்தனி ஓடுமிடங்களை) இடம் மாற்றும்போது எந்த அமைப்பு ஸ்லாட்டோடு தங்க வேண்டும் என்று குறிக்காவிட்டால், ஸ்டேஜிங் மதிப்பு நிரலோடு சேர்ந்து புரொடக்‌ஷனுக்குப் போய்விடும். கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸில் மேல்மட்டத்தில் எழுதிய மாறிகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் தாமாக இறங்குவதில்லை. கட்டவாரியாக மறுபடி எழுத வேண்டும். எழுதுவது கூடுதல் வேலையானாலும் அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்தமானது.

கட்டங்களைப் பிரிக்கும் இடம்

ஒரே லாம்டா ஃபங்ஷனை வைத்துக்கொண்டு டெவ், புரொட் என்று இரண்டு ஏலியாஸ் (வெர்ஷனைச் சுட்டும் மாற்றுப் பெயர்) உருவாக்கினால் போதும் என்ற ஆலோசனை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதை ஏற்க முடியாது. லாம்டாவில் ஒரு வெர்ஷனை வெளியிட்டவுடன் அதன் சூழல் மாறிகளும் அதோடு உறைந்துவிடுகின்றன. பிறகு மாற்ற முடியாது. டெவ்வில் சோதித்த வெர்ஷனை அப்படியே புரொட் ஏலியாஸுக்குக் காட்டினால், டெவ் மதிப்புகளும் உடன் வரும். கட்டத்துக்கு ஒரு தனி ஸ்டாக் (ஒன்றாக டெப்ளாய் ஆகும் ஃபங்ஷன், டேபிள் முதலியவற்றின் தொகுதி) வைப்பதே குறைந்தபட்சத் தேவை.

அதனினும் மேலானது, புரொடக்‌ஷனுக்குத் தனி ஏடபிள்யூஎஸ் அக்கவுன்ட். பல அக்கவுன்ட்களை ஒன்றாக நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் வசதிக்குத் தனிக் கட்டணம் இல்லை. முன்னே சொன்ன நொடிக்கு 40 என்ற வரம்பும், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய லாம்டா பிரதிகளுக்கான இயல்பான 1,000 என்ற வரம்பும் அக்கவுன்ட்டுக்கும் ரீஜியனுக்கும் பொதுவானவை. மும்பை ரீஜியனில் ஒரே அக்கவுன்ட்டில் மூன்று கட்டங்களையும் வைத்திருந்து, ஏலம் முடியும் வேளையில் ஒருவர் டெவ்வில் சுமைச் சோதனை நடத்தினால், புரொடக்‌ஷன் சேவை வரம்பில் முட்டி நிற்கும். தனி அக்கவுன்ட் இருந்தால் அதற்கு வாய்ப்பில்லை. பாதையில் கட்டத்தின் பெயரை எழுதுவதில் நேரும் பிழையும் அக்கவுன்ட் எல்லையைத் தாண்டாது.

இப்போது எல்லாவற்றையும் டாட் என்வ் ஃபைலில் வைத்திருக்கும் குழு ஒரே வாரத்தில் அனைத்தையும் மாற்ற முயல வேண்டியதில்லை. முதலில் புரொடக்‌ஷன் இரகசியங்களைப் பாராமீட்டர் ஸ்டோருக்குக் கொண்டுபோய், ஏற்கெனவே பலர் கையில் பட்ட சாவிகளைப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, இரகசியமல்லாதவற்றைக் கட்டவாரியாக அமைப்பு ஃபைலில் எழுத வேண்டும். தனி அக்கவுன்ட் மூன்றாவதாக வரலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இன்றே சேர்க்கக்கூடியது தொடக்கச் சரிபார்ப்பு: ஃபங்ஷன் விழித்தவுடன் தனக்குத் தேவையான மதிப்புகள் அனைத்தும் இருக்கின்றனவா, கட்டத்தின் பெயர் அறிந்த மூன்றில் ஒன்றுதானா என்று பார்த்து, இல்லையெனில் எந்த மாறி விடுபட்டது என்ற பெயரோடு பிழை எழுதி நின்றுவிட வேண்டும். மாறியின் மதிப்பைப் பதிவில் எழுதக் கூடாது.

குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்கு இன்னொரு காப்பும் வேண்டும். புரொடக்‌ஷன் அல்லாத கட்டங்களில், அனுமதித்த சில எண்களுக்கு மட்டுமே செய்தி போக வேண்டும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தாலோ காணாமல் போனாலோ யாருக்கும் போகக் கூடாது. அனுமதி என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதப்படாதது மறுப்பாகவே கொள்ளப்பட வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவை குழுவினரின் சொந்த எண்கள் என்பதால் அதைக் கிட்டில் உள்ள அமைப்பு ஃபைலில் எழுதாமல், இரகசியங்களோடு சேர்த்து அந்தந்தக் கட்டத்தின் பாதையில் வைப்பது நல்லது.